ஃபேடரைத் தள்ளினால் சுருதி இழுபடுகிறதா? கருவி கெடவில்லை

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். எட்டு மோட்டார் ஃபேடர் (தானாகவும் நகரும் வால்யூம் தள்ளுகட்டை) உள்ள ஒரு கண்ட்ரோலரை வாங்கி, கியூபேஸ் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போட்ட விண்டோஸ் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியாகச் சொருகியிருக்கிறீர்கள். பிளே பட்டனை அழுத்தினால் பாட்டு ஓடாமல், ரெக்கார்டுக்கு ஆர்ம் செய்து வைத்த பியானோ டிராக்கில் எங்கோ உச்சத்தில் ஒரு சுரம் ‘டிங்’ என்று அடிக்கிறது. ஃபேடரைத் தள்ளினால் வால்யூம் அப்படியே இருக்க, வாசிக்கிற சுரத்தின் சுருதி வழுக்குகிறது. மோட்டார் என்று காசு கொடுத்து வாங்கிய ஃபேடர்கள் அசையாமல் கிடக்கின்றன. ஒவ்வொரு பட்டனையும் மிடி லேர்ன் போட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா, இல்லை கடைக்காரர் சொன்ன ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். அதாவது, பொருள் பழுதா, நம் செட்டிங் பழுதா என்பதுதான் கேள்வி.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், பொருள் பழுது இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகவே சொல்லலாம். இன்னும் சொல்லப்போனால் கருவி சரியாகப் பேசிக்கொண்டிருக்கிறது, அந்தப் பேச்சு போகக்கூடாத இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் சின்ன ஸ்டுடியோக்களுக்கும் வீட்டு அறைகளுக்கும் இந்த இணைப்பு வேலையைப் பல வருஷமாகச் செய்து கொடுத்து வருகிறேன். ‘கண்ட்ரோலர் வேலை செய்யவில்லை’ என்று கூப்பிடுபவர்களில் பெரும்பாலோருக்கு நடந்திருப்பது இரண்டில் ஒன்றுதான். கருவி ஒரு மோடில் இருக்கும், சாஃப்ட்வேர் வேறு மோடை எதிர்பார்க்கும். அல்லது கருவியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வழியைத் திறந்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து கருவிக்குத் திரும்பி வரும் வழியை மறந்துவிட்டிருப்பார்கள். உங்கள் விஷயத்தில் இரண்டாவதோடு, வருகிற பேச்சு கண்ட்ரோலருடையது என்று கியூபேஸுக்குச் சொல்லாததும் சேர்ந்திருக்கிறது.

அந்த ‘டிங்’ எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். மிடி 1983-இல் வந்தது. கீபோர்டும் சின்தசைசரும் ஒன்றோடொன்று பேசுவதற்காக உருவானது. அதில் இருப்பது 16 சேனல்கள், 0 முதல் 127 வரை சுர எண்கள், அதே 0 முதல் 127 வரை கண்ட்ரோல் சேஞ்ச் (வால்யூம் மாதிரியான மதிப்புகளை மாற்றும் செய்தி), அப்புறம் பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் செய்தி). ‘பிளே பட்டன்’, ‘மூன்றாவது ஃபேடர்’ என்றெல்லாம் அந்தக் காலத்து மிடியில் தனிச் செய்தி எதுவும் கன்சோல்களுக்காக வைக்கப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மெஷின் கண்ட்ரோல் என்று ஒன்று பிறகு வந்தது, ஆனால் நம் கதைக்கு அது வேண்டாம். அதனால் பின்னால் வந்த, மேக்கி நிறுவனத்தின் மேக்கி கண்ட்ரோல் என்ற முறையில், இருக்கிற செய்திகளையே வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஃபேடரும் ஒரு சேனலின் பிட்ச் பெண்ட். முதல் ஃபேடர் சேனல் 1, எட்டாவது சேனல் 8, மாஸ்டர் சேனல் 9. பட்டன்கள் எல்லாம் சுரங்கள். ஸ்டாப் 93-ஆம் சுரம், பிளே 94, ரெக்கார்ட் 95. பியானோவின் கடைசி கட்டை 108 என்பதால் 94 மேல் பக்கத்தில் கணீரென்று கேட்கும். நீங்கள் கேட்ட ‘டிங்’ அதுதான். சுருதி இழுபட்டதும் இதனால்தான், வால்யூமுக்காக அனுப்பிய செய்தியைப் பியானோ தனக்கு வந்த பிட்ச் பெண்ட் என்று நம்பிவிட்டது.

ஃபேடரில் கண்ட்ரோல் சேஞ்சுக்குப் பதில் பிட்ச் பெண்டைத் தேர்ந்தெடுத்ததற்கு நியாயமான காரணம் உண்டு. கண்ட்ரோல் சேஞ்சில் 128 படிதான். பிட்ச் பெண்டில் 16384 படி போகும். ஃபேடருக்குள் இருக்கும் சென்சர் அத்தனை படியையும் பிரித்துப் பார்ப்பதில்லை, இருந்தாலும் 128-ஐ விட எவ்வளவோ மேல். ஒரு குரலை மெல்லத் தேய்த்து மறைய வைக்கும்போது இந்த வித்தியாசம் காதில் விழும்.

இன்னொரு ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது சத்தமில்லாமல் படுத்தும். ரெக் பட்டன்கள் 0 முதல் 7, சோலோ 8 முதல் 15, மியூட் 16 முதல் 23, செலக்ட் 24 முதல் 31 வரையிலான சுரங்கள். பியானோவின் முதல் கட்டையே 21 என்பதால் இவற்றில் பல உங்களுக்குக் கேட்காது. ஆனால் ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல் மாதிரியான சாம்பிள் லைப்ரரிகள் பலவற்றில் கீஸ்விட்ச், அதாவது வாசிக்கும் பாணியை மாற்றும் கட்டை, வைத்திருப்பது அந்த அடிமட்டத்துச் சுரங்களில்தான். நீங்கள் ஒரு டிராக்கை செலக்ட் செய்வீர்கள், வயலின்கள் லெகாட்டோவிலிருந்து பிட்சிகாட்டோவுக்கு மாறி நிற்கும், அரை மணி நேரம் பிளக்இன்னைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, கியூபேஸில் செய்ய வேண்டியது. ஸ்டுடியோ மெனுவில் ஸ்டுடியோ செட்டப்பைத் திறங்கள். இடது மேல் மூலையில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தினால் கருவிகளின் பட்டியல் வரும், அதில் மேக்கி கண்ட்ரோலைத் தேர்ந்தெடுங்கள். வலது பக்கத்தில் மிடி இன்புட், மிடி அவுட்புட் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். இரண்டிலும் உங்கள் கருவியின் பெயர் வர வேண்டும். இன்புட்டை மட்டும் போட்டுவிட்டு அவுட்புட்டை ‘நாட் கனெக்டட்’ என்றே விட்டுவிடுபவர்கள் ஏராளம். அப்போது பட்டன் எல்லாம் வேலை செய்யும், ஆனால் மோட்டார் அசையாது, விளக்கு எரியாது, சின்னத் திரையில் டிராக் பெயர் வராது. மோட்டாரைத் தள்ளச் சொல்லும் கட்டளை கம்ப்யூட்டரிலிருந்துதான் வர வேண்டும், அது வருகிற வழி அந்த அவுட்புட் பெட்டி. சில கருவிகள் யுஎஸ்பியில் இரண்டு மூன்று போர்ட்டாகத் தெரியும், அதில் ஒன்று கீபோர்டு கட்டைகளுக்கு, இன்னொன்று டிஏடபிள்யூ (கியூபேஸ் மாதிரியான ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்) கட்டுப்பாட்டுக்கு. பெயரில் டிஏடபிள்யூ என்றோ, மேக்கி கண்ட்ரோலைக் குறிக்கும் எம்சியூ என்றோ இருப்பதை எடுங்கள். அப்படி ஒன்றும் இல்லை, வெறும் எண்கள்தான் என்றால் கையேட்டைப் பாருங்கள், குருட்டாம்போக்கில் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதோடு நிறுத்தினால் ‘டிங்’ நிற்காது. அதே ஸ்டுடியோ செட்டப்பில் மிடி போர்ட் செட்டப் என்ற பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு இன்புட்டுக்கு நேராகவும் ‘இன் ஆல் மிடி இன்புட்ஸ்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் இருக்கும். கண்ட்ரோலரின் வரிசையில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். கியூபேஸில் புதிதாக உருவாக்கும் மிடி டிராக்குகள் பொதுவாக ஆல் மிடி இன்புட்ஸிலிருந்துதான் கேட்கும், அதில் கண்ட்ரோலரும் அடக்கம் என்பதால்தான் உங்கள் பியானோ அதன் பேச்சை ஒட்டுக்கேட்டது. வாசிக்கிற கீபோர்டின் டிக்கைக் கைதவறி எடுத்துவிடாதீர்கள். கட்டைகளும் ஃபேடர்களும் சேர்ந்த கருவி என்றால் டிஏடபிள்யூ போர்ட்டின் டிக்கை மட்டும் எடுத்தால் போதும்.

கியூபேஸ் 12-இலிருந்து மிடி ரிமோட் என்று ஒரு புதிய வசதி வந்திருக்கிறது, கீழே மிக்ஸருக்குப் பக்கத்தில் ஒரு தாவலாக இருக்கும். நல்ல வசதிதான். ஆனால் ஒரே போர்ட்டை அதிலும் மேக்கி கண்ட்ரோலிலும் சேர்த்துப் போடாதீர்கள், ஒரு பட்டனுக்கு இரண்டு வேலை நடந்து குழம்பும். மோட்டார் ஃபேடர் உள்ள, மேக்கி முறை தெரிந்த கருவிக்கு நான் முதலில் போடுவது பழைய மேக்கி கண்ட்ரோல்தான். அதில் ஏதாவது போதாமல் இருந்தால் மட்டும் மிடி ரிமோட்டுக்குப் போவேன். இது என் பழக்கம், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால், உங்கள் கருவி மேக்கி மோடில்தான் இருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளலாம். நீங்கள் சொன்ன ‘டிங்’கும் சுருதி இழுப்பும் மேக்கி மோடுக்கே உரிய அறிகுறிகள், அதனால் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் கருவியின் மாடல் பெயரை நீங்கள் எழுதவில்லை. விண்டோஸில் மிடி ஆக்ஸ் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள், ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் மிடி மானிட்டர் என்று ஒன்று, இதைப் படிக்கிற எல்லோரும் ஒரு தடவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கியூபேஸை மூடிவிட்டு மிடி ஆக்ஸைத் திறந்து, கண்ட்ரோலரின் இன்புட்டைத் தேர்ந்தெடுத்து, முதல் ஃபேடரை மெதுவாகத் தள்ளுங்கள். வரிகள் சடசடவென்று ஓடும். பிட்ச் பெண்ட், சேனல் 1 என்று வந்தால் மேக்கி. ஒரே கண்ட்ரோல் சேஞ்ச் எண்ணும், 0-க்கும் 127-க்கும் இடையில் மாறுகிற மதிப்பும் வந்தால் சாதாரண மிடி மோட். கண்ட்ரோல் சேஞ்ச் 0-உம் 32-உம் ஜோடி ஜோடியாக வந்தால் ஹூயி என்ற இன்னொரு மோட், அதைப் பின்னால் சொல்கிறேன். இப்போது தள்ளாமல், ஃபேடர் தலையில் விரலை மட்டும் வையுங்கள். மேக்கி மோடில் 104-ஆம் சுரம் 127 வேகத்தோடு ஒரு வரி வரும், விரலை எடுத்தால் அதே சுரம் 0 என்று வரும். தொடு உணர்வு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. எட்டு ஃபேடரிலும் செய்து பாருங்கள், 104 முதல் 111 வரை வரிசையாக வர வேண்டும். ஏதாவது ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால், அப்போது ஏழு நாள் முடிவதற்குள் கடைக்கு ஓடுங்கள்.

மோட் தவறாக இருந்தால் மாற்றுவது ஒவ்வொரு கருவியிலும் ஒரு விதம். பெஹ்ரிங்கர் எக்ஸ் டச்சில் முதல் சேனலின் செலக்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவரைப் போட்டால் செட்டப் திரை வரும், எம்சி (மேக்கி கண்ட்ரோல்), ஹூயி என்றெல்லாம் அங்கே தேர்ந்தெடுக்கலாம், யுஎஸ்பியா நெட்வொர்க்கா என்பதும் அங்கேதான். கோர்க் நானோகண்ட்ரோல் 2-இல் செட் பட்டனோடு ஒரு டிரான்ஸ்போர்ட் பட்டனையும் அழுத்திக்கொண்டே யுஎஸ்பியைச் சொருக வேண்டும், எந்தப் பட்டன் எந்த சாஃப்ட்வேருக்கு என்று கையேட்டில் இருக்கிறது. பழைய பொருளாக வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முந்தைய சொந்தக்காரர் எந்த மோடில் விட்டாரோ அதிலேயே அது எழுந்திருக்கும்.

ஹூயி என்று ஒன்று சொன்னேன் இல்லையா, அது மேக்கி நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் டிஜிடிசைன் நிறுவனத்தோடு சேர்ந்து, அவர்களுடைய ரெக்கார்டிங் சாஃப்ட்வேரான புரோ டூல்ஸுக்காகச் செய்த கன்சோலின் பெயர், அந்த முறைக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. புரோ டூல்ஸில் இன்றும் மற்றவர்களின் கண்ட்ரோலர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் உள்ளே வருகின்றன. யூகான் என்று இன்னொரு முறையும் உண்டு, அது யூஃபோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது, 2010-இல் அந்த நிறுவனத்தை அவிட் வாங்கியது, அதை ஆதரிக்கிற கருவிகள் தனி. ஆகவே புரோ டூல்ஸ்காரர்கள் கருவியை ஹூயிக்கு மாற்றி, செட்டப் மெனுவில் பெரிஃபெரல்ஸ், அதில் மிடி கண்ட்ரோலர்ஸ் போய் வகை ஹூயி, ரிசீவ் ஃப்ரம், செண்ட் டூ இரண்டும், சேனல் எண்ணிக்கை 8 என்று போட வேண்டும். மிடி இன்புட் டிவைசஸ் பட்டியலில் அந்தப் போர்ட்டுக்கு டிக் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், அங்கே டிக் இல்லாவிட்டால் மற்ற எதுவும் பலன் தராது. ஹூயியில் ஒரு வழக்கம், சாஃப்ட்வேர் அவ்வப்போது ‘இருக்கிறாயா’ என்று ஒரு செய்தி அனுப்பும், கருவி ‘இருக்கிறேன்’ என்று பதில் அனுப்பியாக வேண்டும். பதில் வராவிட்டால் தொடர்பு போய்விட்டது என்று புரோ டூல்ஸ் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் போகிற வழியா வருகிற வழியா, இரண்டில் ஒன்று அடைத்திருக்கிறது.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஏபிள்டன் லைவில் செட்டிங்ஸின் மிடி பக்கத்தில் கண்ட்ரோல் சர்ஃபேஸ் பட்டியலில் மேக்கி கண்ட்ரோல், இன்புட், அவுட்புட் மூன்றையும் போட்டு, கீழே அதே போர்ட்டின் டிராக், ரிமோட் இரண்டையும் அணைத்து விடுங்கள். எஃப்எல் ஸ்டுடியோவில் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் ஒரே போர்ட் எண்ணைக் கொடுக்க வேண்டும், அங்கே பாதிப்பேர் தடுக்கி விழுவது அந்த எண்ணில்தான். ரீப்பரில் பிரிஃபரன்சஸின் கண்ட்ரோல் பகுதியில் மேக்கி கண்ட்ரோல் யுனிவர்சல் இருக்கிறது, அதோடு மிடி டிவைசஸில் அந்தப் போர்ட்டைச் சாதாரண இன்புட்டாகத் திறந்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை. லாஜிக்கில் கண்ட்ரோல் சர்ஃபேசஸ் செட்டப்பில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் முடிந்தது, பல கருவிகளை அது தானே கண்டுகொள்ளும்.

மிடி லேர்ன் எப்போது சரியான வழி? கருவிக்கு மேக்கி, ஹூயி எதுவும் தெரியாது, அல்லது நீங்கள் பிடிக்க விரும்புவது மிக்ஸர் ஃபேடரை இல்லை, ஒரு பிளக்இன்னின் கட்ஆஃபையோ ரிவர்பின் அளவையோ என்றால் லேர்ன்தான். எட்டு டிராக்கின் வால்யூமை ஒவ்வொன்றாக லேர்ன் போட்டு வைத்தால் முதல் பாட்டுக்கு நன்றாக இருக்கும். பன்னிரண்டு டிராக் உள்ள அடுத்த பாட்டில் ஒன்பதாவது டிராக்குக்குப் போக வழியே இருக்காது, ஏனென்றால் பேங்க் மாற்றுவது, அதாவது எட்டு ஃபேடரையும் அடுத்த எட்டு டிராக்குக்கு நகர்த்துவது, என்ற விஷயம் மேக்கி முறைக்குள் இருக்கிறது, லேர்னில் இல்லை. அதனால் உங்கள் கருவிக்கு லேர்ன் போட வேண்டாம். லேர்ன் போட்டே ஆக வேண்டியவர்கள் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் இல்லாத ஃபேடர் திரையில் இருக்கும் மதிப்போடு ஒத்திருக்காது, தொட்டவுடன் வால்யூம் தாவும். லைவில் டேக்ஓவர் மோட், கியூபேஸ் மிடி ரிமோட்டில் வேல்யூ மோட் என்ற இடத்தில் பிக்கப் என்று வைத்தால், உங்கள் ஃபேடர் திரை மதிப்பைக் கடக்கும் வரை சாஃப்ட்வேர் சும்மா இருக்கும். இரண்டாவது, முடிவில்லாமல் சுற்றுகிற நாப். அது ‘ஒரு படி கூட்டு’, ‘ஒரு படி குறை’ என்று மட்டும் அனுப்பும், ஆனால் அதை எழுதுவதில் இரண்டு மூன்று விதம் உண்டு. கூட்டுவதற்கு 1, குறைப்பதற்கு 127 என்று ஒன்று, 65-உம் 63-உம் என்று ஒன்று, 1-உம் 65-உம் என்று ஒன்று. நாப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பக்கம் ஓடுகிறது அல்லது ஒரே தாவலில் உச்சத்துக்குப் போகிறது என்றால் இந்த விதம் பொருந்தவில்லை என்று அர்த்தம். மிடி ஆக்ஸில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொடுக்கு திருப்பினால் எந்த விதம் என்று தெரிந்துவிடும்.

இணைப்பு சரியான பிறகு நீங்கள் அடுத்து கேட்கப்போவது டிராக் பெயரைப் பற்றித்தான் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். மேக்கி முறையில் ஒரு சேனலுக்கு ஒரு வரியில் 7 எழுத்துதான் இடம், ஹூயியில் 4. அதுவும் 7 பிட் செய்தியாகப் போவதால் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் தவிர வேறு எதுவும் போக வழியில்லை. டிராக்குக்கு ‘வீணை’ என்று தமிழில் பெயர் வைத்தால் கம்ப்யூட்டர் திரையில் அழகாகத் தெரியும், கண்ட்ரோலர் திரையில் வெற்றிடமோ கேள்விக்குறிகளோதான். இன்னொன்று, மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்து ‘மிருதங்கம் வலந்தலை’, ‘மிருதங்கம் தொப்பி’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் போட்டால், திரையில் இரண்டும் மிருதங்கத்தின் முதல் ஏழு எழுத்தோடு நின்று ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசப்படுத்தும் எழுத்தை முன்னால் போடுங்கள், வலந்தலைக்கு ஒரு வி, தொப்பிக்கு ஒரு டி, பின்னால் கருவியின் பெயர். நாலு பின்னணிக் குரல், ரெண்டு டபுள் என்று குரல் டிராக் மட்டுமே ஒரு பேங்க் நிறைய வரும் பாட்டில் இது எவ்வளவு உதவும் என்று செய்து பார்த்தால் தெரியும்.

இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத விஷயங்கள். மோட்டார் ஃபேடரின் தலை உங்கள் விரலை மின்தேக்க மாற்றத்தால் உணர்கிறது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் சொருகி, எர்த் இல்லாத வாடகை வீட்டு சாக்கெட்டில் போட்டிருந்தால், தொட்டது விட்டது என்று அது மாறி மாறி நினைத்து ஃபேடர் நடுங்குவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். எர்த் உள்ள சாக்கெட்டுக்கு மாற்றியதும் பெரும்பாலும் நின்றிருக்கிறது. கரண்ட் போய் பழைய ரக இன்வெர்ட்டரில் ஓடும்போதும் சில இடங்களில் அதே நடுக்கம். இன்வெர்ட்டரின் அலைவடிவம்தான் காரணம் என்பது என் ஊகம், அளந்து நிரூபித்ததில்லை. அதேபோல் பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர வீடுகளில் யுஎஸ்பி முனைகளும் ஃபேடர் பாதைகளும் சீக்கிரம் மக்கர் செய்வதாக எனக்குத் தோன்றுகிறது, உப்புக்காற்றா தூசியா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். வேலை முடிந்ததும் ஒரு துணியைப் போர்த்துங்கள். ஃபேடர் இடுக்கில் கண்ட எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் அடிக்காதீர்கள், அடித்த பிறகு கொண்டுவந்தால் சரிசெய்வது கஷ்டம். அப்புறம், பேனா முனையால் ஃபேடரைத் தள்ளினால் திரும்பி வந்து நிற்கிறதே என்று கேட்பார்கள். அது பழுதில்லை, பேனாவை அதற்குத் தெரியாது.

விண்டோஸில் இன்னும் நாலைந்து தொல்லைகள் உண்டு. பழைய முறை டிரைவர்கள் பலவற்றில் ஒரு மிடி போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். கருவியின் எடிட்டரையோ மிடி ஆக்ஸையோ திறந்து வைத்துவிட்டு கியூபேஸைத் திறந்தால் அதற்குப் போர்ட் கிடைக்காது, மேலே கியூபேஸை மூடச் சொன்னது அதனால்தான். மிடி பயன்படுத்துகிற இணையப் பக்கம் பிரவுசரில் திறந்திருந்தாலும் இதே கதை. ஆப்பிள் மேக்கில் இந்தச் சிக்கல் கிடையாது. கருவியை இன்று ஒரு யுஎஸ்பி ஓட்டையிலும் நாளை வேறு ஓட்டையிலும் சொருகினால் விண்டோஸ் அதைப் புதுப்பொருளாக நினைத்து, பெயருக்கு முன்னால் 2 என்று ஒன்றைச் சேர்த்துவிடலாம், உங்கள் செட்டிங் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். ஒரே ஓட்டையில் வையுங்கள், முடிந்தால் நேராகக் கம்ப்யூட்டரில். ஹப் வேண்டுமென்றால் ரிச்சி தெருவில் கிடைக்கிற விலை குறைந்த ஹப்பை விட்டுவிட்டு, தனி பவர் அடாப்டர் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட்டில் ‘மின்சாரம் சேமிக்க அணைக்கலாம்’ என்ற பொருளில் இருக்கிற டிக்கையும் எடுத்துவிடுங்கள், டீ குடித்துவிட்டு வந்தால் கண்ட்ரோலர் தூங்கிக்கிடப்பது பல வீடுகளில் இதனால்தான். முதலில் கருவி, பிறகு சாஃப்ட்வேர் என்ற வரிசையில் திறப்பது நல்லது.

திருப்பிக் கொடுப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். தொழில்நுட்ப ரீதியில் திருப்ப வேண்டிய காரணம் இதுவரை தெரியவில்லை. ஆனால் எட்டு ஃபேடர் உங்களுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி, அதற்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பெரும்பாலும் தனியாக பீட் போட்டு, மேலே ஒரு குரல் எடுக்கிறீர்கள். அந்த வேலையில் கைக்கு உண்மையான பலன் கிடைப்பது குரலை ரைடு செய்வதில்தான். பல்லவியில் ஒரு சொல் அமுங்குகிறது, சரணத்தின் கடைசி அடியில் மூச்சு முன்னால் வருகிறது, இதையெல்லாம் மவுஸில் புள்ளி புள்ளியாக வரைவதைவிட விரலை வைத்துக் கேட்டுக்கொண்டே தள்ளுவது எவ்வளவோ இயல்பு. டிராக்கில் ரைட் பட்டனைப் போட்டு, ஆட்டோமேஷனை டச்சில் வைத்தால், விரல் இருக்கும் வரை எழுதும், எடுத்ததும் பழைய இடத்துக்குத் தானாகத் திரும்பும். லாட்ச்சில் வைத்தால் விட்ட இடத்திலேயே நிற்கும், கவனமில்லாமல் விட்டால் பாட்டின் மீதிப் பகுதி முழுவதையும் அழித்து எழுதிவிடும். இந்த வேலைக்கு ஒரே ஒரு நல்ல மோட்டார் ஃபேடர் போதும். ஒற்றை ஃபேடர் கருவிகள் இருக்கின்றன, விலையும் இடமும் கணிசமாகக் குறைவு. எட்டு வேண்டும் என்று நான் சொல்வது பக்திப் பாடல் ஆல்பமோ குறும்படமோ மாதிரி நாற்பது ஐம்பது டிராக்குகளைக் கூட்டம் கூட்டமாக ஏற்றி இறக்குகிறவர்களுக்கு. மோட்டார் இல்லாத சின்னக் கண்ட்ரோலரில் டச் ஆட்டோமேஷன் செய்யலாமா என்றால் செய்யலாம், ஆனால் விரல் எடுத்ததை அது சொல்லாது, கொஞ்ச நேரம் செய்தி வராததை வைத்து சாஃப்ட்வேர் தானே முடிவு செய்துகொள்ளும், அதனால் வாக்கிய முடிவுகள் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

இன்றைக்கே மேக்கி கண்ட்ரோலைச் சேர்த்து, அதன் இன்புட், அவுட்புட் பெட்டிகளையும் ஆல் மிடி இன்புட்ஸ் டிக்கையும் சரிசெய்துவிட்டு, கியூபேஸை மூடித் திறந்து பாருங்கள். அப்படியும் ஃபேடர் அசையவில்லை என்றால் கருவியின் மாடல், கியூபேஸ் பதிப்பு, முதல் ஃபேடரைத் தள்ளும்போது மிடி ஆக்ஸில் வருகிற ஒரு வரி, இந்த மூன்றையும் எழுதுங்கள், ஏழு நாளில் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்பதையும் சேர்த்து.